ஆங்கிலத்தை நடுவில் வைக்காதே, மகள்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். காலபோக வெட்டு முடிந்துவிட்டது. நெல்லைக் காயவைத்து மூட்டை கட்டியாயிற்று, அப்பாவுக்கு இப்போதுதான் இடுப்பை நிமிர்த்த நேரம் கிடைத்திருக்கிறது. ஜப்பானில் நீ இருக்கிற நீகாட்டாவில் பனி மதிலுயரத்துக்குக் குவிந்து கிடக்கும் படங்களை எங்கள் விசுவமடுவில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். காலுக்குச் சரியான சப்பாத்து வாங்கினாயா என்று அம்மம்மா நாளுக்கு நாலு தரம் கேட்கிறா.

போனவாரம் நீ சொன்னதற்குப் பதில் சொல்வதற்குள் லைன் அறுந்து போய்விட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். "அம்மா, நான் பராமரிக்கிற ஆச்சிமார் கதைக்கிறது விளங்குது, ஆனா நான் பதில் சொல்ல வாய் திறக்கிறதுக்குள்ள அவை வேற கதைக்குப் போயிடினம்" என்றாய். குரலில் களைப்புத் தெரிந்தது. இரண்டு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்குச் சொல் போதாமல் இல்லை. ஜப்பான் மொழிச் சோதனையில் என்4 பாஸ் பண்ணித்தானே விமானம் ஏறினாய். நேரம் வேறெங்கோ போகிறது. நீ ஜப்பான் மொழி படித்ததெல்லாம் ஆங்கிலப் புத்தகத்தை வைத்து. உன் கொப்பியில் ஒவ்வொரு ஜப்பான் சொல்லுக்குப் பக்கத்திலும் ஆங்கிலச் சொல்தான் எழுதியிருந்தது. அந்தப் பழக்கத்தில் இன்னும் தமிழில் நினைத்து, அதை ஆங்கிலமாக்கி, பிறகு ஜப்பானாக்குகிறாய். விசுவமடுவிலிருந்து பரந்தனுக்கு நேர் ரோட்டு இருக்கும்போது ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று சுற்றிப் போகிற வேலை இது. முதலில் அந்தச் சுற்றை விடு.

நீ சத்தம் போட்டுப் பாடமாக்கியதைக் குசினியில் இருந்து கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் காதில் தங்கிவிட்டது. "கோஹன் ஓ தபெமஸ்" என்பாய். சோற்றை, சாப்பிடுகிறேன். நாங்கள் சொல்கிற அதே வரிசை. "ஓ" நிற்கிற இடத்தில் எங்கள் "ஐ" நிற்கிறது. கேள்வி என்றால் கடைசியில் "கா" போடுவாய், நாங்கள் "ஆ" போட்டு "சாப்பிடுகிறீர்களா" என்போம். செய்தேனா, செய்யவில்லையா என்பது இரண்டு மொழியிலும் வசனம் முடியும்போதுதான் தெரியவரும். ஆங்கிலத்தில் வினை நடுவில் வந்து நின்றுவிடும். ஆங்கிலம் வழியாகப் போகும்போது வசனத்தை ஒருமுறை குலைத்து, திரும்ப அடுக்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் ஆச்சி அடுத்த கதைக்குப் போய்விடுகிறா.

எங்கள் தமிழ் மாஸ்ரரிடம் இதைச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டு ஒரு மணித்தியாலம் கதைத்தார். சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் தமிழுக்கும் ஜப்பான் மொழிக்கும் உறவு உண்டென்று பல வருடம் ஆராய்ந்தாராம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சண்முகதாஸும் அவருடைய மனைவி மனோன்மணியும் அவரோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதையும் மாஸ்ரர் மறைக்காமல் சொன்னார். வேர் எப்படியும் இருக்கட்டும். வசனம் கட்டும் முறை ஒத்துப்போகிறது, உனக்கு அது போதும்.

அந்தக் கொடுக்கிற வினை குழப்புகிறது என்று முன்பு சொன்னாய், எனக்குத் தந்தால் "குரெரு", மற்றவருக்குக் கொடுத்தால் "அகெரு" என்று. பிள்ளை, நீ பேசப் பழகிய நாளிலிருந்து இதைத்தானே செய்கிறாய். "எனக்குத் தா" என்பாய், "அவனுக்குக் குடு" என்பாய். ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை, யாரும் உனக்கு விதி சொல்லித் தரவும் இல்லை. தொல்காப்பியத்திலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது என்று மாஸ்ரர் சொல்கிறார். ஒரு இடத்தில் கவனம்: "நான் உனக்குத் தாறன்" என்போம், அங்கே அதற்கு அகெருதான். மற்றதற்குப் பெரும்பாலும் உன் காதை நம்பு.

ஆனால் தமிழ் கொண்டுபோய் விடுவது பாதித் தூரத்துக்குத்தான். அதற்குப் பிறகு தமிழையும் இறக்கி வைக்க வேண்டும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, குவைத்தில் படித்தேன்.

2009க்குப் பிறகு வீட்டைத் திரும்பக் கட்டுவதற்காக உன்னை அம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன் அல்லவா. எனக்கு வகுப்பும் இல்லை, கொப்பியும் இல்லை. நான் வேலைக்கு நின்ற வீட்டில் ஒரு சின்னப் பையன் இருந்தான். நான் சமைக்கும்போது குசினி மேசையில் ஏறி இருந்துகொண்டு ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக் காட்டுவான். நான் பெயர் சொல்ல வேண்டும். பிழைத்தால் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதே சொல்லைத் திரும்பவும் சொல்லித் தருவான். கொஞ்ச நாள் போக, வெங்காயத்தைக் கையில் எடுத்தால் "பஸல்" என்று தானாக வந்தது, தமிழைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. பிறகு நானே வேலை செய்துகொண்டு மனதுக்குள் கதைக்கத் தொடங்கினேன். இதைக் கழுவு, அதை அங்கே வை, தண்ணீர் கொதிக்குது, ஹலாஸ், முடிந்தது. யாருக்கும் கேட்காது, யாரும் திருத்தவும் மாட்டார்கள், வெட்கமும் இல்லை. சின்னச் சின்ன வசனம், குழந்தை கதைக்கிற மாதிரி. வாய்க்கு வரமுதல் மனதுக்குள் அந்த மொழி ஓடியிருந்ததால்தான் ஒருநாள் வீட்டு அம்மா கேட்டதற்கு யோசிக்காமல் பதில் வந்தது.

நீயும் அப்படிச் செய். ஆச்சியின் காலைக் கழுவும்போது உன் கை என்ன செய்கிறதோ அதை ஜப்பான் மொழியில் மனதுக்குள் சொல்லிக்கொண்டு கழுவு. தேத்தண்ணீர்க் கோப்பை எண்ணும்போது அவர்கள் எண்ணுகிறபடி எண்ணு. கோப்பைக்கு ஒரு எண்ணிக்கை, தாளுக்கு ஒன்று, நீட்டுச் சாமானுக்கு வேறொன்று என்று நீ தலையில் கைவைத்தாயே, அதெல்லாம் கையோடுதான் பழகும், பட்டியலாகப் பாடமாக்கி வராது. மருந்து மட்டும் விலக்கு. அது சம்பந்தமான எதையும் உனக்கு நிச்சயமாகத் தெரிந்த மொழியில் சரிபார்த்துக்கொள், பக்கத்தில் நிற்பவரிடமும் கேட்டுக்கொள்.

இன்னொன்று. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிற மறதிக்கார ஆச்சி ஒருவரைப் பற்றிச் சொன்னாய், மற்றப் பிள்ளைகள் அவவிடம் போகப் பின்னடிக்கிறார்கள் என்றும் சொன்னாய். நீ போ மகள். அவவோடு பக்கத்தில் இரு. அதே கேள்வியை அவ பத்துத் தரம் கேட்டால் உனக்குப் பத்துத் தரம் பதில் சொல்லிப் பார்க்கக் கிடைக்கிறது. முதல் தரம் தடுமாறினாலும் கடைசித் தரம் சரளமாக வரும். பொறுமையாகப் பதில் சொல்ல ஒரு ஆள் கிடைத்ததில் அவவுக்கும் ஆறுதல். இரண்டு பேருக்கும் இப்படி ஒரே நேரத்தில் நன்மை வருவது அருமை.

ஒருநாள் தமிழ்ச் சொல் ஒன்று நினைவுக்கு வராமல் ஜப்பான் சொல் முந்திக்கொண்டு வந்ததென்று பயந்தாய். பயப்படாதே. குவைத்தால் திரும்பிவந்த புதிதில் எனக்கும் குசினிக்குள் அரபுதான் முன்னுக்கு வந்தது. சில மாதத்தில் அது தானாக ஒதுங்கி, தமிழுக்கு இடம் விட்டது. நீ பிறந்த மண்ணில் கேட்டு வளர்ந்தது அவ்வளவு சுலபமாக அழியாது. மற்ற மொழிக்கு இடம் கொடுப்பதால் எங்களை விட்டுத் தூரப் போகிறாய் என்று ஒரு நினைப்பு உனக்குள் இருந்தால், அதை இன்றோடு விட்டுவிடு. எங்களுக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை.

சொல்ல மனம் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு இரவு ஒன்பது மணி என்றால் எங்களுக்குப் பின்னேரம் ஐந்தரை. அந்த நேரத்துக்குப் போன் அடிக்கும் என்று நான் வேலையை முடித்துவிட்டுக் காத்திருப்பேன். ஆனால் நீ நாள் முழுக்க அந்த மொழியில் நின்றுவிட்டு, இரவில் இரண்டு மணித்தியாலம் தமிழில் கதைத்துவிட்டுப் படுத்தால், காலையில் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கிழமை நாட்களில் கால் மணித்தியாலம் போதும். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, அவ்வளவுதான். பிறகு அன்றைக்கு நடந்ததை ஜப்பான் மொழியில் மூன்று வரி எழுதிவிட்டுப் படு. ஞாயிற்றுக்கிழமை நீ விரும்பிய நேரம் வரைக்கும் கதைப்போம். ஜூலையில் அடுத்த படியான என்3 சோதனை எழுதுவதற்கும் இது உதவும்.

கதைப்பதற்கு ஆசை வந்தால்தான் மொழி வரும், அதற்கு உனக்கு நல்ல விஷயம் கைவசம் இருக்கிறது. நீகாட்டா நெல்லுக்குப் பேர்போன இடம். அங்கேயுள்ள ஆச்சி, தாத்தாமாரில் பலர் வயல் செய்தவர்களாகத்தான் இருப்பார்கள், நீயும் வயல்காரன் மகள். காலநிலையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்காமல் வயலைப் பற்றிக் கேள். இங்கே நாங்கள் பெரும்பாலும் வீசி விதைக்கிறோம், அங்கே மே மாதமளவில் நாற்று நடுகிறார்கள் என்று நீதான் சொன்னாய். அப்பாவுக்கு ஒரு சந்தேகம்: பனி உருகி வருகிற தண்ணீர் வயலுக்குள் நின்றால் நாற்று விறைத்துப் போகாதா, அந்தக் காலத்தில் வெறுங்காலோடு எப்படி இறங்கி நட்டார்கள்? கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதி அனுப்பு. தமிழில் பிறகு சொல்லலாம்.

அன்புடன்,
அம்மா