பாடுகளை முழுதாகக் கேட்பது பற்றி

அன்புள்ள சேவியருக்கு,

இங்கே எல்லாரும் நலம். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருப்பதால் இரவில் ஸ்பீக்கரைத் தொட முடிவதில்லை. நீ மேற்கத்திய தேவாலய இசையைத் தொகுத்து அனுப்பிய பென்டிரைவை முழுக்க ஹெட்போனில்தான் கேட்டேன். பாடியவர்கள் எல்லாரும் தேர்ந்த குழுவினர், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால், "மூன்று மணி நேரம் உட்கார யாரால் முடியும், சிறந்த கோரஸ்களை, அந்தக் குழுப்பாடல்களை மட்டும் கேட்டால் போதாதா?" என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் என்னால் தலையாட்ட முடியவில்லை.

இயேசுவின் துன்பங்களை மத்தேயு நற்செய்தியின்படி ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இசையாக்கிய 'மத்தேயு பாடுகள்' படைப்பிலிருந்து நீ ஒரே ஒரு கோரலை, அதாவது ஒரு பாமாலைப் பாட்டைச் சேர்த்திருக்கிறாய். அந்த மெட்டைப் பாக் ஐந்து இடங்களில் வைத்திருக்கிறார். சீடர்கள் சிதறிப்போவார்கள் என்று இயேசு சொன்னதும் அது முதன்முதலாக ஈ மேஜர் சுருதியில் வருகிறது. உடனே பேதுரு, யார் இடறினாலும் நான் இடறமாட்டேன் என்கிறான். சேவல் கூவுமுன் மூன்று முறை என்னை மறுதலிப்பாய் என்று பதில் வருகிறது. அது முடிந்ததும் அதே மெட்டு, அதே சுர இணைவுகளோடு, அரைச்சுரம் மட்டும் கீழிறங்கி, "இங்கே உம்மருகில் நிற்பேன்" என்ற வரியோடு மறுபடி ஒலிக்கிறது. தொகுப்பவர் எவரானாலும் இரண்டில் ஒன்றை, ஒரே பாட்டு இருமுறை எதற்கு என்று நீக்கிவிடுவார். ஆனால் பேதுருவின் வாக்குறுதி எவ்வளவு தாங்கும் என்பதை அந்த அரைச்சுர இறக்கத்தில்தான் நான் கேட்கிறேன்.

இயேசு பேசும் இடங்களில் எல்லாம் தந்திக் கருவிகள் அவர் குரலைச் சூழ்ந்து நீளமாக ஒலிக்கின்றன. சிலுவையில் "ஏலி, ஏலி, லாமா சபக்தானி" என்று அவர் கதறும்போது மட்டும் அவை இல்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அந்தத் துணையைக் கேட்டுப் பழகிய காதுக்குத்தான் அது விலகியது உறைக்கும். அந்த ஓரிடத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கேட்பவருக்கு அது சாதாரணமாக ஒருவர் பாடுவதாகவே படும். அவர் உயிர்விட்டதும் அதே கோரல் கடைசி முறையாக, அதுவரை இல்லாத நிலைகொள்ளாத சுர இணைவுகளில் வருகிறது.

பாக் திருப்பலி வழிபாட்டு வரிகளுக்கு இசையமைத்த பி மைனர் மாஸ் விஷயத்தில் உன்மேல் எனக்கு உண்மையாகவே கோபம். இயேசு சிலுவையில் அறையப்பட்டதைப் பாடும் 'குருசிஃபிக்ஸஸ்' பகுதியின் அடித்தளச் சுரவரிசை பதின்மூன்று முறை சுழல்கிறது. கடைசிச் சுற்றில் மேல் கருவிகள் ஓய்ந்துவிட, குரல்கள் தாழ்ந்து, எதிர்பாராமல் ஜி மேஜரில் போய் அடங்குகின்றன. அடுத்த நொடியில் எக்காளங்களும் முரசுகளுமாக உயிர்த்தெழுதல் வெடிக்க வேண்டும். உன் பென்டிரைவில் அந்த இடத்தில் இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் 'குளோரியா' புகழ்ப்பாடல் வந்தது, சிரித்துவிட்டேன். அந்தக் 'குளோரியா' முழுவதுமே அரைமணி நேரம்தான், அதில் எதற்குக் கத்தரி? ஹாண்டெல் இசையமைத்த 'மெசாயா' என்ற பெரிய படைப்பில் முரசு முதன்முதலாக ஒலிப்பதே இரண்டாம் பகுதியின் முடிவில் வரும் அல்லேலூயாவில்தான். நீயோ அதைத் தொகுப்பின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டாய்.

உன் பக்கத்திலும் நியாயம் உண்டு. 1829-இல் பெர்லினில் இசையமைப்பாளர் மெண்டல்சன் மத்தேயு பாடுகளை மீட்டெடுத்தபோது பல ஆரியாக்களை, அதாவது தனிக்குரல் பாடல்களை வெட்டித்தான் நிகழ்த்தினார். அந்தக் குறைப்பதிப்பு இல்லாமல் அப்படைப்பு அவ்வளவு விரைவில் மீண்டிருக்குமா என்பது சந்தேகமே. பாக்கும் 1714-இல் தாம் எழுதிய காண்டாட்டா என்ற சிறிய தேவாலயப் படைப்பு ஒன்றிலிருந்துதான் அந்தக் 'குருசிஃபிக்ஸ'ஸை எடுத்தார். பழைய இடத்திலிருந்து பிரித்தார் என்றால், புதிய இடத்துக்குப் பொருந்துமாறு கடைசிச் சுற்றை மாற்றியும் எழுதினார். பாடகர் குழுவின் ஒத்திகைக்கும் புதிதாகக் கேட்க வருபவர்களுக்கும் தனிப் பகுதிகள் போதும் என்பேன். நாற்பது வருடமாகக் கேட்டுவரும் உனக்குப் போதாது.

மத்தேயு பாடுகளில் நற்செய்தியாளர் பாடிச் சொல்லும் கதைப்பகுதிகள்தான் அலுப்பூட்டுகின்றன என்கிறாய். ஜெர்மன் புரியாமல் கேட்டால் அலுக்கத்தான் செய்யும். மத்தேயு 26, 27 அதிகாரங்களைத் தமிழ் பைபிளில் விரித்து வைத்துக்கொண்டு கேள். வசனம் வசனமாக அதே வரிசையில்தான் போகிறது. ஒரே மூச்சில் கேட்க வேண்டும் என்றும் இல்லை. பாக் பணியாற்றிய லைப்சிக் நகரில் பெரிய வெள்ளி ஆராதனையில் இரு பகுதிகளுக்கும் நடுவே பிரசங்கம் நடந்தது. நீ வரும்போது முதல் பகுதியைச் சனிக்கிழமை மாலையும் மற்றதை ஞாயிறன்றும் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் பேரனோ பேத்தியோ வந்துவிட்டால் உன் வீட்டிலேயே கேட்போம். எந்த வாரம் தோதுப்படும் என்று எழுது.

அன்புடன்,
தேவராஜ்