நாலரை மணிக்கு நிஜோ கோட்டையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சுற்றுலாப் பகுதியில் வந்த கியோட்டோ கட்டுரையைப் படித்தேன். படித்ததோடு நிற்காமல், பக்கத்தைக் கிழித்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஜப்பானுக்கே போய் வந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கியோமிஸுதெரா கோயில், தங்க மண்டபம் உள்ள கிங்காகுஜி கோயில், அரஷியாமா மூங்கில் காடு, நிஜோ கோட்டை, ஃபுஷிமி இனாரி கோயில் ஐந்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம், வயதானவர்களை அழைத்துப் போனாலும் சிரமம் இருக்காது என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். அவர் அழைத்துப் போன அந்த வயதானவர் யார் என்று சொன்னால் நேரில் போய் ஒரு நமஸ்காரம் செய்துவிட்டு வருவேன். என் மாமியாருக்கு முழங்கால் வலி. யோகோஹாமாவில் வேலை பார்க்கும் மகன், "பாட்டியை வைத்துக்கொண்டு இரண்டு இடம் பார்த்தாலே பெரிய விஷயம்மா" என்றான். நான்தான் தங்கள் பத்திரிகையைக் காட்டி அவன் வாயை அடைத்தேன். அச்சில் வந்ததற்கு எங்கள் வீட்டில் அவ்வளவு மரியாதை.

கியோமிஸுதெரா கிழக்கே மலைச்சரிவில் இருக்கிறது. கிங்காகுஜி வடமேற்கில், அரஷியாமா மேற்குக் கோடியில், ஃபுஷிமி இனாரி தெற்கே. ஊரின் நாலு மூலைக்கும் ஓடவிட்டுவிட்டு ஒரு வரைபடம்கூடப் போடவில்லை. போகட்டும். "700 யென்னுக்கு ஒருநாள் பஸ் பாஸ் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்களே, அந்தப் பாஸ் விற்பனை 2023 செப்டம்பரிலேயே நின்றுவிட்டது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் 2024 மார்ச்சோடு சரி. பஸ்ஸில் கூட்டம் தாங்கவில்லை என்றுதான் அதை எடுத்தார்களாம். இப்போது இருப்பது சுரங்க ரயிலும் சேர்ந்த 1,100 யென் பாஸ். கவுண்டரில் இருந்த பெண் எங்கள் தாளைப் பார்த்துத் தலையைக் குனிந்து குனிந்து வருத்தம் தெரிவித்தார். வருத்தம் தெரிவித்திருக்க வேண்டியவர் அவரா?

கியோமிஸுதெராவின் மரமேடை 13 மீட்டர் உயரம், பார்க்க அற்புதம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே போய்ச் சேர மேட்டுத் தெருவில் ஏற வேண்டும், அப்புறம் படிகள். இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. காலை ஆறு மணிக்கே திறந்துவிடுவார்கள் என்பதும் இல்லை. கட்டுரையாளர் சொன்னபடி பத்து மணிக்குப் போய்த் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டோம். அங்கிருந்து கிங்காகுஜிக்கு பஸ். பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் 230 யென் போட வேண்டும். மாமியார் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்து, கூட்டத்தைப் பிளந்து முன்னால் நகர்வதற்குள் எங்கள் நிறுத்தம் போய் அடுத்த நிறுத்தம் வந்துவிட்டது.

"600 ஆண்டு பழைமையான தங்க மண்டபம்" என்று வர்ணித்திருக்கிறார். 1950இல் ஓர் இளம் துறவி தீ வைத்து அது எரிந்துபோனதும், இப்போது நிற்பது 1955இல் திரும்பக் கட்டியது என்பதும் தங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் விட்டுவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

அரஷியாமா மூங்கில் பாதையில் மூங்கிலைவிட செல்ஃபி குச்சிகள் அதிகம். அவசர அவசரமாக அதைப் பார்த்துவிட்டு, கட்டுரையில் போட்டிருந்தபடி மிகச் சரியாக மாலை நாலரைக்கு நிஜோ கோட்டை வாசலில் போய் நின்றோம். உள்ளே விடுவது நான்கு மணியோடு முடிந்துவிட்டது! 1603இல் ஜப்பானின் ஆட்சியாளர் தொக்குகவா இயெயாசு கட்டிய கோட்டை, நடந்தால் பறவை போலக் கீச்சிடும் தரை என்று அரைப்பக்கம் உருகியிருக்கிறார். நாலரைக்கு உள்ளே போய் அந்தக் கீச்சொலியைக் கேட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

ஃபுஷிமி இனாரிக்கு இருட்டியபின் போனோம். அங்கே கதவும் இல்லை, கட்டணமும் இல்லை, 24 மணி நேரமும் திறந்திருக்கிறது. முதலில் மூடுகிற இடத்தை முதலில் பார்ப்பது என்ற சாதாரண விஷயம்கூடத் திட்டத்தில் இல்லை. அந்தச் சிவப்புத் தோரண வாயில்களில் எழுதியிருப்பவை "புனித மந்திரங்கள்" என்று படத்தின் கீழே போட்டிருந்தீர்கள். மாமியார் ஒவ்வொரு தூணையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மகன் படித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான். எல்லாம் காசு கொடுத்த ஆட்கள், கம்பெனிகளின் பெயரும் தேதியும்! நம்மூர்க் கோயில் டியூப்லைட்டில் "உபயம்" எழுதுவது போலத்தான்.

தங்கள் இதழ் எனக்கு இப்படிச் செய்வது முதல் தடவை அல்ல. சில வருடங்களுக்கு முன்பு "ஜப்பானில் உடோன் நூடுல்ஸ் சைவம், தைரியமாகச் சாப்பிடலாம்" என்று ஒரு துணுக்கு போட்டீர்கள். அதன் சாற்றில் பெரும்பாலும் காய்ந்த மீன் சீவல் சேர்த்துத்தான் கொதிக்க வைக்கிறார்கள். அப்போதே தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு விளக்கமாகக் கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை. அதே இதழில் ஒரு வாசகர் அனுப்பிய பூனை ஜோக்குக்கு இடம் இருந்தது. ஜப்பான் முழுக்க ரயிலில் சுற்ற உதவும் ஜேஆர் பாஸ் ஏழு நாளுக்கு 29,650 யென் என்று போட்டதும் தாங்கள்தான்; 2023 அக்டோபரிலேயே அது 50,000 யென் ஆகிவிட்டது. கிமோனோ பெண்களைப் படமெடுக்க, கெய்ஷாக்களுக்குப் பேர்போன கியோட்டோவின் கியோன் பகுதியின் சந்துகளுக்குள் நுழையுங்கள் என்று யோசனை சொன்னதும் தாங்கள்தான். தனியார் சந்துகளில் நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று அங்கே பலகை தொங்குகிறது.

மறுநாள் காலை, மகன் பேச்சைக் கேட்டு சஞ்சூசங்கென்தோ என்ற புத்தக் கோயில் ஒன்றுக்கு மட்டும் போனோம். கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். 120 மீட்டர் நீள மர மண்டபத்தில் கருணைத் தெய்வமான கன்னோனுக்கு 1,001 சிலைகள். அவற்றின் முன்னே காவல் தெய்வங்கள் 28 பேர். அதில் நம் கருடன்! அலகும் இறக்கையுமாக நின்று புல்லாங்குழல் வாசிக்கிறார். பெருமாள் கோயிலில் கைகூப்பிய கருடனையே பார்த்துப் பழகிய மாமியார், முதல் நாள் வலியெல்லாம் மறந்து அந்த இடத்தை விட்டு நகர மறுத்துவிட்டார். தமிழ் வாசகர்களுக்கென்று எழுதிய கட்டுரையில் இந்த இடத்தின் பெயர்கூட இல்லை. உள்ளே படமெடுக்கக் கூடாது என்பது காரணமாக இருக்கலாம். படம் இல்லாத இடம் பத்திரிகைக்கு எதற்கு?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த 700 யென் பாஸ் இப்போது கிடையாது, நிஜோ கோட்டைக்குள் நான்கு மணிக்கு மேல் விடமாட்டார்கள் என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இனிமேல் சுற்றுலாக் கட்டுரைகளின் அடியில், எழுதியவர் அந்த ஊருக்குப் போன மாதத்தையும் வருடத்தையும் குறிப்பிடுங்கள். அதே கட்டுரையாளர் அடுத்த இதழில் நாராவையும் ஒசாகாவையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அது அச்சேறுவதற்கு முன் இந்தத் திருத்தம் வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மயிலாடுதுறை