ஜீப் ஓட்டுபவர்களின் வால் எலும்புக் கட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பை 15 வருடமாக ஓட்டுகிறேன். வால் எலும்புப் பக்கம், பிட்டப் பிளவில் வரும் சீழ்க்கட்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, இடம் அப்படி. பைலோனிடல் சைனஸ் என்று பெயர். உதிர்ந்த முடி தோலுக்குள் புகுந்து புரை வைத்துவிடும். இரண்டாம் உலகப் போரில் ஜீப்பில் குலுங்கிப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஏராளமாக வந்ததால் ஜீப் நோய் என்றே அதை அழைத்தார்கள்.

எனக்கு முதலில் கீறிச் சீழை எடுத்தார்கள், அப்புறம் புரையை வெட்டி நடுக்கோட்டிலேயே தையல் போட்டார்கள், எட்டே மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. வியர்வையும் முடியும் சேரும் பள்ளத்திலேயே தையல் இருந்தால் ஆறுவதும் தாமதம், மறுபடி வரும் வாய்ப்பும் கூடுதல். தையலைப் பக்கவாட்டில் தள்ளிப் போடும் கரிடாகிஸ் முறையிலும், பக்கத்துச் சதையைத் திருப்பி மூடும் லிம்பெர்க் முறையிலும் அது குறைவு. இரண்டாவது ஆபரேஷனுக்குப் போனபோதுதான் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

எங்கள் ஸ்டாண்டில் இன்னும் மூன்று பேர் வெட்கப்பட்டுக்கொண்டு, பஞ்சு வைத்து ஓட்டுகிறார்கள். அவர்களுக்காகவாவது ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் விளக்கமாகக் கேட்டு உங்கள் நாளிதழில் வெளியிடுங்கள்.

ஒரு ஜீப் ஓட்டுநர், கம்பம்