கல்கட்டும் வாய்க்காலும்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அடுக்கு வயல்களின் கல்கட்டு, தலைவாய்க்கால் இரண்டும் சீரமைத்தாயிற்று. தண்ணீர் விட்டுப் பார்த்தோம். கடைமடை வரை வந்தது. வரவு செலவு தனித்தாளில் இருக்கிறது. இங்கே வேலையைப் பற்றி மட்டும்.

சுவர் சரிந்தபோது எல்லோரும் மழையைத்தான் திட்டினோம். பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முன்பு பழுது பார்த்தபோது கல் இடுக்குகளில் சிமெண்ட் பூசியிருந்தது. பார்க்க நேர்த்தியாக இருந்ததால் சரி என்று தலையாட்டியவர்களில் குழுவினரும் உண்டு. வயலில் ஊறிய நீர் வெளியேற வழியில்லாமல் மண்ணுக்குள் தேங்கி, சுவர் வயிறு தள்ளி, ஒருநாள் விழுந்துவிட்டது. சாந்தில்லாத கல்கட்டு கசியும், கசிவதால்தான் நிற்கும்.

ஆகவே இம்முறை சாந்தே இல்லை. அடியில் பெரிய கல், மலைப்பக்கம் லேசான சாய்வு, பின்னால் சல்லி, அதற்கும் பின்னால் மண். இடையிடையே சுவரின் உள்வரை போகும் நீளக்கல். மூத்தவர் ஒருவர், நாங்கள் வைத்த கல்லை எல்லாம் காலால் உதைத்துப் பார்த்தார். ‘டக்’ என்று ஆடினால் போச்சு, எடுத்துவிட்டு மறுபடி வை! இந்தக் கைவேலையை யுனெஸ்கோ 2018இல் இத்தாலி, கிரீஸ் உள்ளிட்ட 8 நாடுகளின் பெயரில் மரபுப் பட்டியலில் சேர்த்தது. எங்களுக்கு நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

வாய்க்காலைத் தூர் வாரி, தலைப்பில் வண்டல் தங்க ஒரு தொட்டி கட்டினோம். அது சுலபம். பங்கு பிரிப்பதில்தான் சச்சரவு. சீனாவின் யுன்னானில் ஹானி மக்கள் வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டையைப் போட்டு, அவரவர் பங்குக்கேற்ற அகலத்தில் அதில் வெட்டு விடுவார்கள். அதையே செய்தோம். ஆனால் முதல் நாள் கட்டை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் கூடுதலாக ஓடியது. அகலம் சரியாக இருந்து என்ன, மட்டம் பிசகினால் கணக்கும் பிசகும். கண்டுபிடித்தது நாங்கள் அல்ல, கடைமடைக்காரர்கள். மட்டப்பலகை வைத்துத் திருத்தினோம்.

அப்புறம் ஒன்று: வெட்டுகளில் சருகு அடைத்தால் அன்றைய முறைக்காரர் கையாலேயே எடுத்துவிடுங்கள். கம்பியால் குத்தினால் வெட்டு அகலமாகிவிடும்.