செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, மழையையும் பார்க்காமல் வந்திருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம்.

தைப்பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு நான்கு சனிக்கிழமை வகுப்பு வைத்தோம். வாசிகசாலைக் கூரையில் இரண்டு தகரம் மாற்றினோம். நவராத்திரிக்குச் சரஸ்வதி பூஜை செய்தோம். சிரமதானத்துக்கு ஏழு பேர் வந்தார்கள், அதில் ஐந்து பேர் நிர்வாக சபையினர்.

இனி கணினி விடயம். “ஒரு பவர் சப்ளைக்கு இவ்வளவு காசா?” என்று வட்ஸ்அப் குழுவில் கேட்டவர்களில் பலர் இன்று சபையில் இல்லை. இருந்தாலும் பதில் பதிவில் இருக்க வேண்டும். பவர் சப்ளை என்பது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றதாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி.

உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் எங்கள் பிள்ளைகள் பயிற்சிக்கு ஹட்டன் டவுனுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. அதோடு, மாசியில் நடந்த காமன் கூத்தை முழு இரவும் வீடியோ எடுத்து வைத்திருந்தோம், வெட்டி ஒட்ட வழியில்லை. ஆகவே சாமான் வாங்கி வாசிகசாலைக்கு நாமே ஒரு கணினி பூட்டத் தீர்மானித்தோம். கொழும்பில் வேலை செய்யும் பழைய அங்கத்தவர் ஒருவர் தாம் பாவித்த ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக் கார்டை, அதாவது திரைப் படத்தையும் வீடியோவையும் கவனிக்கும் பாகத்தை, இலவசமாகத் தந்தார். கணினியின் மூளையான பிராசஸர், இன்டெல் ஐ5-12400, வாங்கினோம். பவர் சப்ளை கேசிங்கோடு, அதாவது கணினியின் வெளிப்பெட்டியோடு, சேர்ந்து வந்தது. “ஐநூறு வாட் அண்ணே, தாராளமா போதும்” என்றார் கடைக்காரர். நானும் நம்பிவிட்டேன்.

முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. டைப் அடித்தோம், படம் பார்த்தோம். வெட்டி ஒட்டிய கூத்து வீடியோவை ஒரே படமாக்க ரெண்டர் போட்ட அன்றுதான் திரை அணைந்து கணினி தானாகவே மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. மறுபடி போட்டால் மறுபடியும் அதே கதை. கணினியைப் பூட்டிய தம்பியின் மேல்தான் எல்லோரும் பழி போட்டோம். அவர் விண்டோஸை இரண்டு தடவை புதிதாக ஏற்றினார், ரேமைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துப் போட்டார். ஒன்றும் சரிவரவில்லை.

அப்புறம் ஒருநாள் மாலை பக்கக் கதவைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பவர் சப்ளையின் ஸ்டிக்கரை வாசித்தேன். மேலே கொட்டை எழுத்தில் 500. கீழே எறும்பு எழுத்தில் ஓர் அட்டவணை, அதில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 அம்பியர். பெருக்கினால் 192 வாட். கணினியில் அதிகம் இழுக்கும் பிராசஸரும் கிராபிக் கார்டும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. பிராசஸர் முழு வேகத்தில் 117 வாட் வரை கேட்கும், கார்ட் 170 வாட். கூட்டினால் 287. மதர்போர்ட், காற்றாடி, டிஸ்க் எல்லாம் சேர்த்தால் 340 பக்கம் வரும். 192 எங்கே, 340 எங்கே!

அது மட்டுமல்ல. அந்தப் பவர் சப்ளையில் கார்டுக்கு வேண்டிய 8 முள் பிளக்கே இல்லை. டிஸ்குக்குப் போகும் இரண்டு வயரை அடப்டர் போட்டுச் சேர்த்திருந்தது. அந்த வெள்ளைப் பிளக்கின் ஓரம் தேயிலைச் சாயம் பட்டதுபோல் பழுப்பாகி, கிட்டப் போனால் பிளாஸ்டிக் கருகிய மணம் வந்தது. சுற்றிலும் புத்தகங்கள் இருக்கும் அறை அது. இதற்கு மேலும் அதைப் பாவிக்க என் மனம் ஒப்பவில்லை.

இந்த வகைக் கார்டை வடிவமைத்த என்விடியா நிறுவனம் இதற்கு 550 வாட் பவர் சப்ளை சிபாரிசு செய்கிறது. அதையே வாங்கினோம். 12 வோல்ட்டில் மட்டும் 500 வாட்டுக்கு மேல் தரக்கூடியது, மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் பிரொன்ஸ் சான்று உள்ளது, கார்டுக்குத் தனி வயர் உள்ளது. கையில் தூக்கினாலே பழையதற்கும் இதற்கும் பாரத்தில் வித்தியாசம் தெரியும். 340 வாட் என்பது இதன் கொள்ளளவில் ஏறக்குறைய 60 வீதம். கார்ட் ஒரு கணம் திடீரென்று கூடுதலாக இழுத்தாலும் தாங்கும். கரண்ட் பில் ஏறும் என்று ஓர் அங்கத்தவர் கவலைப்பட்டார். 550 என்பது தரக்கூடிய உச்ச அளவு. கணினி கேட்கும் அளவைத்தான் அது இழுக்கும், டைப் அடிக்கும்போது அதில் சிறு பங்குதான். பிரொன்ஸ் என்றால் பாதிச் சுமையில் இழுப்பதில் 85 வீதமாவது கணினிக்குப் போய்ச் சேரும், வெப்பமாக வீணாவது குறைவு. கூத்து வீடியோ இப்போது ஒரே மூச்சில் ரெண்டர் ஆகிறது.

எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்தும் வயர், போட்ட செலவையும் சொல்ல வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரும் பிள்ளைகள் ஈரச் சீமெந்தில் நின்று கேசிங்கைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தது. சுவர்ப் பிளக்கில் மூன்று துளை இருந்தும் எர்த் வயர் இருக்கவில்லை. மின்னுக்காரரைக் கூப்பிட்டுக் கம்பி அடித்து இணைத்தோம். ஏப்ரலிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்கியதும் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும். இதை அறிவித்தல் பலகையிலும் எழுதியிருக்கிறேன்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறத்தாழச் சமம், சிறு கையிருப்பு உண்டு. மாதச் சந்தா நூறு ரூபா. அங்கத்தவரில் பாதிப் பேருக்கு மேல் சித்திரைக்குப் பிறகு கட்டவில்லை. பவர் சப்ளைக்கும் எர்த்துக்கும் குறைந்த பணத்தை நிர்வாக சபையினர் சிலர் கைமாற்றாகத் தந்தார்கள். அது இன்னும் திருப்பிக் கொடுபடவில்லை.

கார்ட் தந்தவருக்கும், தேவையில்லாமல் பழி சுமந்த தம்பிக்கும், மின்னுக்காரருக்கும், மாதர் சங்கத்தினருக்கும் நன்றி.

அடுத்த வருடத்துக்கு யூபிஎஸ் ஒன்று, அதாவது கரண்ட் போனால் சிறிது நேரம் பேட்டரியில் கணினியை ஓட்டும் பெட்டி, அவசியம். காசல்ரீ நீர்த்தேக்கத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் பகுதியில் இருந்துகொண்டும், காற்று மழைக்கு மரம் விழுந்தால் எங்களுக்கும் கரண்ட் போகிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் 650 விஏ (யூபிஎஸ்ஸின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) யூபிஎஸ் 360 முதல் 390 வாட் வரைதான் தாங்கும். ரெண்டர் ஓடும்போது எங்கள் கணினி சுவரிலிருந்து இழுப்பது 400 வாட் பக்கம், மொனிட்டர் வேறு. ஆகவே 1000 விஏ வேண்டும், அதுவும் சுவர் மின்சாரத்தைப் போல் சீரான சைன் அலை தருவதாக இருந்தால் நல்லது. சைன் அலை தராத சில மலிவு யூபிஎஸ்களின் மின்சாரத்துக்கு மாறும் நொடியில் புதிய வகைப் பவர் சப்ளைகள் அணைந்துவிடுவதுண்டு. நிலுவைச் சந்தா முழுதும் வந்தால் கைமாற்றையும் தீர்த்து, தைக்கு முன் அதை வாங்கிவிடலாம்.

சந்தாப் புத்தகம் இன்று தேநீர் மேசையில் பொருளாளரிடம் இருக்கும். வராதவர்களின் லயத்துக்கு ஞாயிறு காலை நானே கொண்டு வருவேன்.

செயலாளர்