புல்தரை டிக்கட்டா, சீட் டிக்கட்டா: ஹட்டன் கடையிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

ரீலோட் போட வந்து டிக்கட்டும் எடுத்துக்கொண்டு போகிற தம்பி தங்கச்சிமாருக்கும், பிள்ளைகளுக்காகக் காசு கட்ட வரும் அண்ணன் அக்காமாருக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்ச நாளாக ஒரு வொயிஸ் மெசேஜ் குரூப் குரூப்பாகச் சுற்றுகிறது, நீங்களும் கேட்டிருப்பீர்கள். ரொக் ஷோவுக்குப் புல்தரை டிக்கட், அதாவது சீட் இல்லாமல் பின்னால் புல்லில் நின்று பார்க்கிற விலை குறைந்த டிக்கட் கேட்டால் நம் கடையில் முடிந்துவிட்டது என்று சொல்லி சீட் டிக்கட்டைத் தலையில் கட்டுகிறோம், அதில்தான் நமக்குக் கொமிஷன் அதிகம் என்று அதில் ஒரு தம்பி பேசுகிறார். யார் என்று தெரியும், பெயர் சொல்லப்போவதில்லை, அவரும் நம்மிடம் வருகிறவர்தான். ஆனால் பேசாமல் இருந்தால் அது உண்மையாகிவிடும்.

முதலில் கொமிஷன். டிக்கட் 3,500 ரூபாவானாலும் சரி, 15,000 ரூபாவானாலும் சரி, கடைக்கு வருவது டிக்கட்டுக்கு 150 ரூபா. வீதக் கணக்கே கிடையாது. ஷோ நடத்துகிறவர்கள் தருகிற பில் எல்லாம் மேசை லாச்சியில் கோப்பாக இருக்கிறது, யார் வந்து கேட்டாலும் எடுத்து வைக்கிறோம், நீங்களே கூட்டிப் பாருங்கள். விலை கூடின டிக்கட்டை விற்றால் நமக்கு ஒரு சதமும் கூடுதலாக வராது என்னும்போது எதற்காக ஒரு பிள்ளையை ஏமாற்றப் போகிறோம்? அந்த வொயிஸில் வருகிற, தோட்டத்து லயத்துப் பிள்ளையிடம் காசு பிடுங்குகிறார்கள் என்ற ஒரு வார்த்தைதான் தைக்கிறது. நாமும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவான தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால், 15,000 ரூபா சீட்டுக்கு அம்மா மலையேறி பதினொரு பேர் போட்டும், அதாவது பதினொரு நாள் வேலை செய்தும், இன்னும் கொஞ்சம் குறையும். அந்தக் கணக்கு நமக்குத் தெரியாதா?

அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். எல்லா ஷோவுக்கும் புல்தரை டிக்கட்தான் முதலில் பறக்கும், கடைக்கு ஒதுக்குவதும் அளவோடுதான். அந்தத் தம்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, மழை வேறு. நனைந்த நோட்டுகளைக் கண்ணாடி மேசையில் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்து எண்ணினார். புல்தரை மத்தியானமே முடிந்திருந்தது. இன்னொரு கட்டு வரலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது, பொறுத்துப் பாருங்கள் என்றோம். யோசித்துவிட்டு அவராகவே சீட் எடுத்தார். பிறகு கொழும்பில் போய் இறங்கினால் வாசலில் புல்தரை டிக்கட் தாராளமாக விற்கிறார்கள். வாசலில் விற்பார்கள் என்று நடத்துகிறவர்கள் நமக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பியின் கோபம் நியாயம், அவருக்கு வந்த நட்டத்துக்கு மனம் வருந்துகிறோம். ஆனால் அந்தக் கோபம் நம் வாசலுக்கு வந்தது நியாயம் இல்லை.

சரி, எதை வாங்குவது என்று தினமும் கேட்கிறீர்கள். கடையில் வாயால் சொல்வதையே இங்கே எழுதிவிடுகிறோம். பாட்டுக்காகப் போகிற, நாலு மணி நேரம் நிற்கத் தெம்புள்ள இளம் பிள்ளைகளுக்கு ரொக் ஷோ என்றால் புல்தரையே போதும். டிரம்ஸ் தொடங்கி முதல் பாட்டு வந்ததும் முன் வரிசை எழுந்துவிடும், அப்புறம் கடைசி வரை யாரும் உட்கார மாட்டார்கள். நிற்பதற்கு எதற்கு 15,000? முன்வரிசையில்தான் சத்தம் நன்றாக இருக்கும் என்பதும் தவறு. மேடைக்கு ஒட்டினாற்போல் இருந்தால் கீழே அடுக்கியிருக்கும் பேஸ் பெட்டிகள்தான் நெஞ்சில் இடிக்கும், பாடுகிறவரின் சொல் தெளிவாக வராது. மைதானத்தின் நடுவில் ஒரு கூடாரத்துக்குள் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரை வைத்துக்கொண்டு ஒருவர் இருப்பாரே, அவர் தன் காதுக்குக் கேட்கிறபடிதான் முழுச் சத்தத்தையும் சரிசெய்கிறார். அதனால் அந்தக் கூடாரத்துக்கு நேர் பின்னால் இடம் பிடியுங்கள். பெரும்பாலும் புல்தரை அங்கேதான் தொடங்கும். இன்னும் பின்னால் போகப் போக நட்டம்தான். சத்தம் நொடிக்கு 340 மீற்றர் அளவில்தான் போகும், நூறு மீற்றர் தள்ளி நின்றால் திரையில் குச்சி டிரம்ஸில் விழுந்து கால் நொடிக்கு மேலான பிறகுதான் காதுக்கு வரும். இடையில் இன்னொரு ஸ்பீக்கர் கோபுரம் நிறுத்தியிருந்தால் சத்தம் தெளிவாக வரும், ஆனால் அந்தத் தாமதம் இருக்கத்தான் செய்யும். டிக்கட்டோடு வருகிற மைதானப் படத்தில் அந்தக் கோபுரம் இருக்கிறதா என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

இன்னொன்று, புல்தரை என்றதும் இணையத்தில் பார்க்கிற அமெரிக்க அரங்குகளை நினைத்துவிடாதீர்கள். அங்கே பல இடங்களில் சீட்டுக்கு மேல் கூரை இருக்கும், புல்தரை பின்னால் சரிவாக ஏறிப்போகும், கடைசியில் பாயை விரித்து உட்கார்ந்தாலும் மேடை தெரியும். பல்லேகலையில் மேட்ச் பார்த்தவர்களுக்கு அந்தப் புல்மேடு எப்படி இருக்கும் என்று தெரியும். கொழும்பில் ஷோ நடக்கிற மைதானங்கள் பெரும்பாலும் தட்டை. உயரம் குறைந்த பிள்ளைகள் பின்னால் நின்றால் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்க வேண்டும். மழை வந்தால் சீட்டும் நனையும், புல்லும் நனையும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி மழை அடிக்கடி வரும், அந்த மாதங்களில் கூரைக்கென்று நினைத்து சீட் வாங்காதீர்கள்.

அப்படியென்றால் சீட் யாருக்கு? முழங்கால் வலி உள்ளவர்களுக்கு, கர்ப்பிணிப் பெண்களுக்கு, முதல் தடவை அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்களுக்கு, தனியாகப் போகிற தங்கச்சிமாருக்கு. இவர்களிடம் சீட் எடுங்கள் என்று நாங்கள் சொன்னது உண்மை, இனியும் சொல்வோம். நெரிசலில் ஒரு பெண் பிள்ளை படுகிற பாட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் அதற்குக் கொமிஷன் என்று பெயர் வைக்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் சீட் எடுத்தாலும் மேடைக்குப் பக்கத்தில் வேண்டாம். இப்படிப்பட்ட இடங்களில் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லியிருக்கிறது, அதுவும் பெரியவர்களை நினைத்துத்தான். காதில் வைக்கிற நுரைப்பஞ்சு கடையில் இருக்கிறது, டிக்கட் எடுக்கிற பிள்ளைகளுக்குச் சும்மாவே தருகிறோம்.

சீட் வாங்கினால் சீட் நிச்சயம் என்றும் நாங்கள் யாருக்கும் சத்தியம் செய்ததில்லை. 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த ஷோவில் பின்னால் நின்ற கூட்டம் தடுப்பைத் தாண்டி முன்னால் வந்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்தோம். அதற்கு முந்திய செப்டம்பரில் சென்னையில் ரஹ்மான் கச்சேரிக்கு விலை கூடின டிக்கட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் வீதியில் நின்றார்கள். கூட்டத்தை ஒழுங்காக நடத்தத் தெரிந்தவர்கள் செய்கிற ஷோவா என்பதைப் பார்த்துத்தான் நாங்கள் சீட்டைப் பற்றி வாய் திறப்போம். தெரியாதவர்கள் என்றால் புல்தரைக்குக் கொடுக்கிற காசு போனாலும் வலி குறைவு.

கடையில் டிக்கட் வேலை பார்த்த பிள்ளை வெளிநாடு போய்விட்டார், அதனால் போன் எடுக்கச் சுணங்குகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2022இல் டீசல் லீற்றர் 460 ரூபா வரை போனபோதும் ஷோவுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற நம் வேனை நிறுத்தாமல் ஓட்டினோம், அன்று நோர்வூட்டிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் வந்து, இடம் காலியாக இருந்தால் வேன் ஓடாது என்று தெரிந்து கூட்டாளிகளையும் இழுத்துக்கொண்டு வந்தீர்களே, அதை மறக்க மாட்டோம். இந்த வொயிஸ் வந்த பிறகும் "அண்ணே, நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள்" என்று கடை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனவர்களுக்கு என்ன சொல்வது, மனசு நிறைந்த நன்றி. அடுத்த ஷோவிலிருந்து வேன் காசு ஆளுக்கு 600 ரூபா கூடும், டிக்கட்டோடு முழுதாகக் கட்ட வேண்டும், திருப்பித் தர இயலாது.

இனி ஒவ்வொரு ஷோவுக்கும் எத்தனை புல்தரை, எத்தனை சீட் கைக்கு வந்தது, எத்தனை மிச்சம் என்று கண்ணாடியில் எழுதி ஒட்டுகிறோம், காலையிலும் பின்னேரமும் மாற்றுவோம். வாசலில் விற்பனை உண்டா இல்லையா என்று நடத்துகிறவர்களிடம் எழுத்தில் கேட்டு அதையும் பக்கத்திலேயே ஒட்டுவோம். புல்தரை எடுப்பவர்கள் செருப்போடு வராமல் சப்பாத்து போட்டு வாருங்கள், குடையை உள்ளே விடுவது குறைவு, மழை அங்கி கொண்டு வாருங்கள். வேன் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்து காலை பத்து மணிக்குப் புறப்படும், கினிகத்தேனையில் ஏறுகிறவர்கள் முதல் நாளே சொல்லி வையுங்கள்.