மூன்று குண்டுக் கணக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தையின் முட்டிவலி குறைந்ததா? நான் துப்பாக்கி வாங்கியதையும் தோட்டாவை நானே தயாரிப்பதையும் அம்மா உங்களிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள் போல. "பட்டாசு மருந்து வாசமே ஆகாதுன்னு பிளேன் ஏறினவன் அங்க போய் மருந்து அடைக்கிறானா"ன்னு சிரித்தீர்களாமே. போனில் சொன்னால் பாதியில் அத்தை பிடுங்கிக்கொள்வார், அதனால் எழுதியே விடுகிறேன்.

முதலில், பயப்பட ஒன்றுமில்லை. நியூசிலாந்தில் லைசென்ஸுக்கு வகுப்பு, தேர்வு, அப்புறம் வீட்டுக்கே வந்து விசாரணை. என்னைத் தனியாகவும் இவளைத் தனியாகவும் உட்காரவைத்துக் கேட்டார்கள். இவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை, ஆனால் லைசென்ஸ் வந்துவிட்டது, முதல் தடவை என்பதால் 5 ஆண்டுக்கு. 2019-ல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைச் சுட்டுக் கொன்றானே, அதற்குப் பிறகு விசையை அழுத்த அழுத்தத் தானாகவே அடுத்த தோட்டா ஏறும் வகைகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்துவிட்டார்கள். என்னுடையது போல்ட் ஆக்‌ஷன். ஒவ்வொரு தடவையும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளிப் பூட்டினால்தான் அடுத்தது.

எதற்கு என்று கேட்பீர்கள். நான் வேலை பார்க்கும் பால் பண்ணை, தெற்குத் தீவில் வைமாட்டே என்ற ஊர்ப் பக்கம். 1874-ல் யாரோ ஆசைப்பட்டு இங்குள்ள மலையில் வாலபியைக் கொண்டுவந்து விட்டார்கள், கங்காரு இனத்தில் சின்னது, இன்று அது புல்லையெல்லாம் மேய்ந்து தீர்க்கிறது. மேற்கே குக் மலையில் இமயமலை வரையாடு வேறு, 1904-ல் விட்டது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் இருக்கிற வரையாட்டைத் தொட்டால் ஜெயில், இங்கே அதன் ஒன்றுவிட்ட பங்காளியைச் சுடச்சொல்லி அரசாங்கமே கேட்கிறது. விநோதம்தான்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். டிக்கா டி3எக்ஸ், பின்லாந்துத் தயாரிப்பு, 6.5 கிரீட்மோர் என்கிற வகைத் தோட்டா. குழலுக்குள் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று புரி வெட்டியிருக்கிறது. வினாடிக்கு 800 மீட்டருக்கு மேல் போகிற குண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டே போகும். 100 கெஜத்தில் மூன்று குண்டு ஓர் அங்குலத்துக்குள் விழும் என்று கம்பெனி உத்தரவாதம் தருகிறது.

அந்த மூன்று என்பதில்தான் எனக்குத் தகராறு. இங்கே யாரைப் பார்த்தாலும் செல்போனை எடுத்து ஒரு காகிதத்தைக் காட்டுகிறார்கள், மூன்று ஓட்டை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, "என் துப்பாக்கி அரை அங்குலம்" என்று. சிதறிய மற்ற காகிதங்கள் எங்கே என்று கேட்டால் பதில் கிடையாது. அதே துப்பாக்கி, அதே தோட்டா, மூன்றுக்குப் பதில் பத்து சுட்டால் ஓட்டைக் கூட்டத்தின் அகலம் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, மூன்றில் தெரியாதது பத்தில் தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் நான் பத்துப் பத்தாகத்தான் சுடுகிறேன், நடுநடுவே குழல் ஆறுகிறவரை தேநீர் குடித்துக்கொண்டு. அதற்கு முன்னால் ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பிடித்திருக்கிற திருகாணிகளைச் சரிபார்த்துவிட வேண்டும், பாதிப் பேர் ஒரு திருகாணி தளர்ந்ததற்குத் தோட்டாவைத் திட்டுகிறார்கள். வடமேற்குக் காற்று வீசுகிற நாளில் துப்பாக்கியை எடுக்கவே கூடாது.

இப்போது மருந்து. இது நம் ஊர்க் கருமருந்து இல்லை மாமா, வெடியுப்பு கந்தகம் கரி எதுவும் கிடையாது, நைட்ரோசெல்லுலோஸ். ஆஸ்திரேலியாவில் முல்வாலா என்ற ஊரில் செய்கிறார்கள், என் டப்பாவில் ஏஆர்2209 என்று போட்டிருக்கும். கையில் கொட்டினால் பென்சில் முனைகள் உடைந்து கிடப்பது போல இருக்கும். திறந்த வெளியில் பற்றவைத்தால் புஸ்ஸென்று எரியும், வெடிக்காது. உறைக்குள் அடைபட்டால்தான் அதன் வேலை.

சுட்ட பித்தளை உறையைப் பொறுக்கிவந்து கழுவி, எண்ணெய் தடவி, பிரஸ் என்கிற கை அழுத்து இயந்திரத்தில் வைத்து நெம்புகோலை இறக்கினால் உப்பிய உறை பழைய அளவுக்கு வரும், அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடியான பழைய பிரைமரும் கழன்று விழும். நீண்டிருந்தால் வாயைச் சீவி, புது பிரைமர் அழுத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை இறக்க வேண்டும். நிறுப்பது கிரெயின் கணக்கில், ஒரு கிரெயின் 65 மில்லிகிராம், அதிலும் பத்தில் ஒரு பங்கு சுத்தமாகப் பார்க்கிறேன். கையேட்டில் உள்ள குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏற வேண்டும். சுட்ட பிறகு கைப்பிடி தூக்கக் கனத்தாலோ பிரைமர் தட்டையாகிப்போனாலோ அழுத்தம் மிஞ்சுகிறது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா, வேறு எதுவும் இருக்காது. குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு உறைக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், ஒன்றில் மருந்து கூடக்குறைய விழுந்திருந்தால் என்ன ஆகும் என்று பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே பருத்திச் சட்டைதான், நைலான் கிடையாது, அது உங்களிடம் கற்றது.

பலன்? கடைத் தோட்டா பத்தும் 100 மீட்டரில் ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. நான் அடைத்தது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே. பீற்றிக்கொள்ளும்படி இல்லை, ஆனால் வாலபிக்கு இதுவே தாராளம். பணம் மிச்சமாகும் என்று இவளிடம் சொல்லித்தான் பிரஸ் வாங்கினேன். ஒரு தோட்டாவுக்கு மிச்சம்தான், தோட்டாக்கள் அதிகமாகிவிட்டதால் மொத்தத்தில் இல்லை. அடுத்து குண்டை இன்னும் கொஞ்சம் உள்ளே இறக்கி உட்காரவைத்துப் பார்க்கப் போகிறேன், அதுவும் பத்துப் பத்தாக.

ஒரு சந்தேகம். வீட்டில் ஹீட்டர் காற்று பட்டால் தராசு முள் நிற்காமல் ஆடுகிறது, ஹீட்டரை அணைத்தால் கை விறைக்கிறது. ஆலையில் நிறுக்கும்போது காற்றுக்கு என்ன ஏற்பாடு செய்வீர்கள்? அம்மா வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள், அவள் வேறு மாதிரி சொல்வாள். நேரே எனக்கே போன் போடுங்கள், இங்கே இரவு ஒன்பதுக்குள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்